கண்ட பிறகும் சொல்லாத நேரம்

நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். சேர்வரின் செற்றிங்குகளைக் கட்டளை தட்டி எப்படி மாற்றுவது என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அதை நீங்கள் என்னைவிட வேகமாகச் செய்வீர்கள். மறந்தாலும் கைநூல் இருக்கிறது. நான் எழுதப்போவது கைநூலில் இல்லாத ஒரு காலைப்பொழுதைப் பற்றி. அதில் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் வராது. வாசித்துவிட்டு வழியில் என்னைக் கண்டால் பழையபடி பேசுவீர்களா என்று யோசித்தேன். பேசாவிட்டாலும் பரவாயில்லை.

முதலில் நாம் செய்யும் வேலையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மேற்கே குளங்களிலும் ஆற்றிலும் நட்டிருக்கும் அளவுமானிகள் நீர்மட்டத்தை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. மிஞ்சிய தண்ணீரை வெளியே விட வான்கதவு திறக்கப்போகும்போது குளத்துப் பொறுப்பாளர் அறிவித்தல் அனுப்புகிறார். அது தொலைபேசிக் கம்பனிகள் வழியாக வயல்காரர், மாட்டுப் பட்டிக்காரர், வாவியில் தோணி வைத்திருப்பவர் எல்லோருடைய கைபேசிக்கும் எஸ்.எம்.எஸ்ஸாகப் போய்ச் சேரவேண்டும். அனுப்புகிறவரின் மொழி ஒன்று, வாங்குகிறவரின் மொழி வேறொன்று. நடுவில் இருந்து ஒன்றை மற்றதற்கு மாற்றி, எது யாருக்கு எந்த வழியால் போகவேண்டும் என்று பார்த்து விடுவது நம்முடைய சேர்வர். நடுவில் நிற்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை. அது பேசாமல் இருந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதும் யாருக்கும் உடனே தெரிவதில்லை.

நான் இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அதற்கு முன் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்தில் வயர் வேலை. அங்கே பழுது என்றால் கையால் தொட்டுப் பார்க்கலாம். கறுப்புத் திரையில் எழுத்துகளைத் தட்டி, தொட முடியாத ஒன்றைத் திருத்துவது எனக்கு நீண்ட நாள் பிடிபடவில்லை. அதை எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் பொறுப்பதிகாரி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை அண்ணன் என்பார். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் இப்போது வேறு இடத்தில் இருக்கிறார். இந்தக் கதையில் அவருடைய பிழையும் வருகிறது, என்னுடையதும் வருகிறது. பெயரில்லாமல் இருக்கவேண்டியவர் அவர்தான்.

பொறுமையாகச் சொல்லித் தருவார். ஆனால் கோபம் வந்தால் ஆள் மாறிவிடுவார். யார் நிற்கிறார்கள் என்று பார்க்கமாட்டார். நான் ஒருமுறை கட்டளையில் ஒரு எழுத்தைப் பிழையாகத் தட்டியதற்கு, தேநீர் கொண்டுவந்த அம்மாவுக்கு முன்னால் ஏசினார். மறுநாள் மறந்து போவார். நான் மறப்பதில்லை. இதை நீங்கள் கவனிக்கவேண்டும். எனக்குள் அது சேர்ந்துகொண்டு வந்தது.

அவர் சொல்லித் தந்தவற்றுள் ஒன்றை நீங்களும் படித்திருப்பீர்கள். ஒரு செற்றிங் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சேர்வர் தன் நினைவில் வைத்திருப்பது ஒன்று. கோப்பில் எழுதி வைத்திருப்பது மற்றது. ஓடும் சேர்வரில் மட்டும் மாற்றினால் உடனே வேலை செய்யும், ஆனால் நிறுத்தி மீண்டும் தொடங்கும்போது கோப்பில் உள்ளது திரும்ப வந்துவிடும். கறுப்புத் திரை இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். வெற்றிகரமாக முடிந்தது என்று. என்ன செய்யச் சொன்னோமோ அது முடிந்தது என்பதுதான் அதன் பொருள். செய்யச் சொன்னது சரியா என்று அது பார்ப்பதில்லை.

அந்த ஆண்டு ஆடி மாதத்தில், மாமாங்கத் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்களில், மாரிக்கு முன்னான ஒத்திகை ஒன்று வைத்தோம். ஒத்திகைச் செய்தி உண்மையான ஆட்களுக்குப் போய்விடக் கூடாது. போனால் சனம் வீட்டை விட்டு ஓடும். அதனால் வெளியே போகும் செய்திகள் எல்லாம் தொலைபேசிக் கம்பனிக்குப் போகாமல் சேர்வருக்குள்ளேயே ஒரு வெற்றுப் பெட்டியில் விழும்படி மிஸ் மாற்றினார். பெட்டிக்குப் பெயர் வைக்கவேண்டும். மாமாங்கக் கோயில் இருக்கும் அமிர்தகழிப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டு 'மாமாங்கம்' என்றே தட்டினார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒத்திகை முடிந்ததும் பழையபடி மாற்றிவிட்டார். அந்த நேரம் யாரோ அவரைத் தேடி வந்து வாசலில் நின்றார்கள். எழுந்து போனார். ஓடும் சேர்வரில் மாற்றியவர் கோப்பில் மாற்றாமல் போய்விட்டார் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதன் பிறகு எத்தனையோ செய்திகள் ஒழுங்காகப் போயின. ஏனென்றால் மாரி தொடங்கும்வரை சேர்வரை நிறுத்தித் தொடங்கவேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

தேவை எனக்கு வந்தது.

கார்த்திகை கழிந்து மழை விடாமல் பெய்த ஒரு நாள். காலையில் நான் வந்தபோது சேர்வர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அளவுமானிகளின் செய்திகள் வரிசையில் தேங்கி நின்றன. மிஸ் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அனர்த்தக் கூட்டத்தில் இருந்தார். ஒருமுறை அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. இந்த நிலையில் நிறுத்தித் தொடங்க எனக்கு அதிகாரம் இருந்தது. நிறுத்தினேன், தொடங்கினேன். தேங்கியது எல்லாம் ஓடத் தொடங்கியது. கண்காணிப்புத் திரை முழுவதும் பச்சை. எனக்கு என்னை நினைக்கவே பெருமையாக இருந்தது.

சிறிது நேரத்தில் ஒரு குளத்திலிருந்து அறிவித்தல் வந்தது. மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது, வான்கதவுகளைத் திறக்கிறோம், தாழ்ந்த நிலத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகவேண்டும். சேர்வர் அதை வாங்கியது, மாற்றியது, அனுப்பியது. எல்லாம் அனுப்பப்பட்டன என்று திரை சொன்னது. ஒரு பிழைச் செய்தியும் இல்லை.

எங்களுடன் ஹனீபா என்று ஒருவர் வேலை செய்தார். ஏறாவூர்க்காரர். தொலைபேசிக்குப் பொறுப்பு அவர். அவர் தன்னுடைய கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணன், என்ட நம்பரும் லிஸ்டில இரிக்கிதானே?"

"ஓம். எல்லா ஊருக்கும் போறது உங்களுக்கும் வரும்."

"வரல்லயே."

"நெற்வேர்க் சுணங்கும், ஹனீபா. கொஞ்சம் பொறுங்க."

அவர் பொறுக்கவில்லை. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் தெரிந்த, வயல்காரர்களின் கமக்காரர் சங்கச் செயலாளர் ஒருவரை அழைத்தார். பேசிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அங்கேயும் வரவில்லை. வான்கதவு திறப்பதே அவர்களுக்குத் தெரியாது.

"ஒருத்தருக்கும் போகல்ல அண்ணன்" என்றார். "இஞ்ச பச்சை காட்டுது, அங்க ஒண்டும் இல்ல."

இருந்த இடத்தில் இருந்து கறுப்புத் திரையைத் திறந்து, வெளியே போகும் வழி இப்போது எங்கே காட்டுகிறது என்று சேர்வரிடம் கேட்டேன். ஒற்றை வரிக் கேள்வி. பதிலும் ஒற்றை வரி.

மாமாங்கம்.

எனக்கு உடனே எல்லாம் விளங்கியது. ஆடி மாதம், மேளச் சத்தம், வாசலில் வந்து நின்றவர், கோப்பில் மாறாமல் கிடந்த பெயர், என் ரீஸ்டார்ட். செய்திகள் அத்தனையும் வெற்றுப் பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன. சேர்வரைப் பொறுத்தவரை அது அனுப்பியதுதான். திருத்துவதற்கு இரண்டு கட்டளை போதும். ஆனால் வெளி வழியை மாற்றும் கடவுச்சொல் மிஸ்ஸிடம் மட்டும்தான் இருந்தது. நான் செய்யவேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவரிடம் சொல்வது.

கதவு திறந்தது. மிஸ் வந்துவிட்டார். மழையில் நனைந்து, குடையை மடக்கக்கூட நேரம் இல்லாமல். அவருக்குப் பின்னால் எங்கள் சேவையைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்திருந்த இரண்டு அதிகாரிகள். கச்சேரியில் இருக்கும்போதே யாரோ அவரை அழைத்து, செய்தி வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன நடந்த?"

ஹனீபா முந்திக்கொண்டு, "காலம சேர்வர் திணறின மிஸ், அண்ணன் ரீஸ்டார்ட் பண்ணினவர், அதுக்குப் பொறகு" என்று தொடங்கினார். அவரை முடிக்க விடவில்லை.

"ஆரக் கேட்டு ரீஸ்டார்ட் பண்ணின நீங்க?"

"மிஸ், உங்களுக்குப் போன் எடுத்தனான்..."

"எடுத்தா? நான் எடுக்காட்டி நீங்க நினைச்சதச் செய்யிறதா? இந்த மழையில? எத்தின தரம் சொல்லியிருக்கன்!" அறையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஏச்சு விளங்குவதற்கு மொழி தேவையில்லை. அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இல்ல அண்ணன், வயரைப் புடுங்கித் திருப்பிச் சொருக. எக்ஸ்சேஞ்ச்சில இருந்து வந்த உங்கட ஆக்களோட இதுதான் கரைச்சல். விளங்காட்டி விளங்கல்ல எண்டு சொல்லுங்க. தொடாம இருங்க."

என் வாய் திறந்துதான் இருந்தது. 'மாமாங்கம் மிஸ்' என்று சொல்ல இரண்டு சொல். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த இடத்தில் எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதவேண்டும், இல்லாவிட்டால் இதை எழுதுவதில் பயன் இல்லை. பயத்தால் நான் பேசாமல் இருக்கவில்லை. அதிர்ச்சியாலும் இல்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. ஏசட்டும், இன்னும் ஏசட்டும், இந்த இரண்டு பேருக்கும் முன்னால் நன்றாக ஏசி முடிக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு அவரே தேடுவார். அவரே கண்டுபிடிப்பார். தான் தட்டிய பெயர் தன் கண்ணுக்கு முன்னால் வரும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று நான் மனதில் பார்த்துவிட்டேன். அதை நேரில் பார்க்க ஆசைப்பட்டேன்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். "நான் தொடல்ல மிஸ்" என்றேன். "நீங்களே பாருங்க."

அவர் தன் மேசைக்குப் போனார். தொலைபேசிக் கம்பனியின் பக்கம்தான் பழுது என்று நினைத்தார். ரீஸ்டார்ட்டில் அவர்களோடு இருந்த தொடர்பு அறுந்திருக்கும் என்பது நியாயமான ஊகம். கம்பனிக்கு அழைத்து, அவர்கள் பொறுக்கச் சொல்ல, பொறுத்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் போன், மறு கையால் தட்டிக்கொண்டே இருந்தார். நான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தேடும் இடம் பிழை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று விட்டேன்.

ஹனீபா கமக்காரர் சங்கத் தலைவர்களின் எண்களை ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டிருந்தார். "அண்ணன், என்ன பாத்துக்கொண்டு நிக்கிறயள்? நீங்களும் ஒரு போன எடுங்களன்" என்றார்.

எடுத்தேன். கிராம சேவகர்களை அழைத்தேன். சிலர் எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை. வான்கதவு திறக்கிறார்கள், தாழ்ந்த இடத்துச் சனத்தை எழுப்புங்கள் என்று கத்தினேன். அப்படிக் கத்தும்போது நான் என் கடமையைச் செய்வதாகவே எனக்குப்பட்டது. உயிரைக் காப்பாற்றுகிறவன் போல இருந்தேன். ஆயிரக்கணக்கான கைபேசிகளை ஒரே நொடியில் அடிக்க வைக்கும் சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தேன். மனிதன் தன்னை ஏமாற்ற எவ்வளவு வேலையும் செய்வான் என்பதை நான் என்னிடமிருந்துதான் அறிந்தேன்.

எவ்வளவு நேரம் போயிற்று என்று சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பத்து நிமிடம் இருக்கும். கூடவும் இருக்கலாம். கம்பனிக்காரர் தங்கள் பக்கம் ஒரு பழுதும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மிஸ் போனை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். நான் கடைசியாக என்ன செய்தேன் என்று பார்க்க, என் கறுப்புத் திரையில் மேல் நோக்கிய அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினார். அதை அழுத்தினால் முன்பு தட்டிய கட்டளை திரும்ப வரும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அதை மறந்திருந்தேன்.

வந்தது என் கேள்வி. வெளியே போகும் வழி எங்கே?

அதற்கு மேல் வரியில், ஏற்கெனவே வந்திருந்த பதில். மாமாங்கம்.

நான் எதைப் பார்க்க ஆசைப்பட்டு நின்றேனோ அந்த முகத்தைப் பார்த்தேன். சொன்னால் நம்புங்கள், அதில் எனக்கு ஒரு துளி இன்பமும் கிடைக்கவில்லை. ஏசியவர் மாதிரியே இல்லை. மிக இளைய பெண்ணாகத் தெரிந்தார். ஒரு கணம்தான். உடனே கடவுச்சொல்லைத் தட்டினார். ஓடும் சேர்வரில் மாற்றினார். கோப்பில் மாற்றினார். இரண்டையும் திரும்பக் கேட்டு வாசித்தார். பிறகு அறிவித்தலை மறுபடி அனுப்பினார். ஹனீபாவின் கைபேசி மேசையில் கிடந்து அதிர்ந்தது.

"வந்திட்டு! மிஸ், வந்திட்டு!"

மிஸ் எழுந்து நின்றார். அறை முழுவதற்கும் கேட்கும்படி, "பிழை என்ட" என்றார். "ஆடியில நான் மாத்தினது. கோப்பில திருப்பி மாத்தாம விட்டிட்டன். அண்ணன் ரீஸ்டார்ட் பண்ணினது சரி." பிறகு கொழும்பிலிருந்து வந்தவர்களிடம் சிங்களத்தில் அதையே சொன்னார்.

எல்லோரும் தங்கள் வேலைக்குத் திரும்பியதும் என் பக்கத்தில் வந்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"எப்ப பாத்தயள்?"

நான் திரையைப் பார்த்தேன்.

"நான் வாறத்துக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பிப் போய்த் தன் இடத்தில் இருந்தார்.

மேலிடத்துக்குப் போன அறிக்கையை அவரே எழுதினார். எனக்கும் ஒரு பிரதி வந்தது. அதில் அவருடைய பிழை முழுதாக இருந்தது. என் ரீஸ்டார்ட் ஒழுங்குப்படி செய்யப்பட்டது என்று இருந்தது. நான் கண்டது, சொல்லாமல் நின்றது, அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த அறிக்கையால் அவருக்கு அந்த ஆண்டு வரவிருந்த பதவி உயர்வு நின்றுபோனது. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஹனீபா என்னைத் தட்டிக்கொடுத்து, "உங்களச் சும்மா ஏசினவ, பாத்தயளா, அல்லாஹ் காட்டிக் குடுத்திட்டான்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடல் கூசுகிறது.

மிஸ் என்னோடு வேலையைப் பற்றி மட்டும் பேசினார். மரியாதையாகவே பேசினார். என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பின்வாசலில் போய் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாராவது வந்தால் மழையைப் பற்றிக் கதைப்பேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். கேட்டால், நான் செய்தது இன்னதென்று வாயால் சொல்லவேண்டி வரும். அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை.

வெள்ளம் வடிந்தது. ஆள் இழப்பு இல்லை என்று செய்தி வந்தது. தாழ்ந்த மேய்ச்சல் தரையில் மாடுகள் தண்ணீரோடு போயிருந்தன. ஒருநாள் காலை மிஸ் வந்து, "நான் படுவான்கரைக்குப் போறன். செய்தி ஏன் பிந்தின எண்டு சனத்துக்கு நேர போய்ச் சொல்லவேணும். நீங்க வாறயளா?" என்றார். கட்டளையாகச் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றால் விட்டுவிட்டுப் போயிருப்பார். வாறன் என்றேன்.

பாலம் கடந்து வாகனம் போக முடிந்தவரை போனோம். பிறகு சேற்றில் நடந்தோம். சாய்ந்த நெல் வேளாண்மை மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. வயல் வட்டைக்கு அப்பால், மேய்ச்சல் தரை ஓரத்தில், ஒரு மனிதர் மாட்டு அடைப்பின் வேலிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். நல்லதம்பி என்று பெயர். என் வயதுதான் இருக்கும். அவருடைய மனைவி எங்களைக் கண்டதும் உட்கார ஒரு மர வாங்கைத் துடைத்துப் போட்டார். நாங்கள் உட்காரவில்லை.

மிஸ் தன்னை யார் என்று சொன்னார். செய்தி பிந்தியதற்கு இயந்திரம் காரணம் இல்லை, தான் காரணம் என்றார். தான் ஒரு செற்றிங்கை மாற்றிவிட்டுத் திருப்பி வைக்க மறந்ததாகச் சொன்னார். நல்லதம்பி வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மறதி ஆருக்கும் வாறதுதான் பிள்ள" என்றார். பிறகு கம்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "தண்ணி வாற சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிஞ்ச. பெரிய மாடுகளக் கலைச்சு மேட்டுக்கு ஏத்திப்போட்டன். கண்டுக்குட்டிகள் இந்த அடைப்புக்குள்ள கட்டிக் கிடந்த. அவிழ்த்துக்கொண்டே வாறன், தண்ணி முழங்காலுக்கு வந்திட்டு. மறுகா இடுப்புக்கு. பாதிக் கண்டு அவிழ்த்தன். அந்த நேரந்தான் சட்டைப் பையில போன் அடிச்ச. உங்கட மெசேச்."

அவருடைய மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மிச்சத்த அவிழ்க்க ஏலாமப் போச்சு" என்றார் நல்லதம்பி. "கயித்தோட கிடந்து கத்தின. தாய் மாடுகள் மேட்டுல நிண்டு கத்தின. கொஞ்சம் முந்தி அந்தப் போன் அடிச்சிருந்தா எல்லாத்தையும் அவிழ்த்திருப்பன். பெரிய நேரம் தேவையில்ல. கொஞ்ச நேரம்."

மிஸ் தலையைக் குனிந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு நின்றார்.

"அந்தக் கொஞ்ச நேரம் என்ட பிழை" என்றேன்.

நல்லதம்பி என்னைப் பார்த்தார்.

"மிஸ்ஸுக்கு முதல் நான் கண்டிட்டன். என்ன பிழை எண்டு எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா அவ உடன திருத்தியிருப்பா. நான் சொல்லாம நிண்டன்."

"ஏன்?"

கோபமாகக் கேட்கவில்லை. விளங்காததால் கேட்டார். அதற்குமுன் எத்தனையோ முறை எனக்குள் நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தேன். மானம், வயது, எல்லோருக்கும் முன்னால், அந்நியருக்கு முன்னால், எத்தனை ஆண்டாகச் சேர்ந்தது என்று நீளமான பதில் இருந்தது. அந்த அடைப்புக்கு முன்னால் நின்று சொல்லும்போது அது ஒற்றை வரியாகிவிட்டது.

"அவ என்ன எல்லாருக்கும் முன்னால ஏசினவ."

நல்லதம்பி என்னையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"அதுக்கா?"

அவர் குனிந்து கம்பை எடுத்து நட்டார். அவருடைய மனைவி வாங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் இருவரும் திரும்பி நடந்தோம். போகவேண்டிய மற்ற வீடுகளுக்கும் போனோம். அங்கேயும் மிஸ் தன்னுடையதைச் சொன்னார், நான் என்னுடையதைச் சொன்னேன். சிலர் ஏசினார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றார். ஏச்சு எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஒற்றைச் சொல் மட்டும் வழி முழுவதும் காதுக்குள் நின்றது.

உங்களுக்கு அறிவுரை எழுதும் தகுதி எனக்கு எவ்வளவு என்று இப்போது தெரிந்திருக்கும். ஆனாலும் இதை மட்டும் சொல்கிறேன். திரையில் பழுதைக் கண்டவுடன் அது யாருடைய கையால் வந்தது என்றும் சேர்த்தே தெரிந்துவிடும். நம் வேலையில் அப்படித்தான். அந்த இரண்டாவது செய்தி மிக இனிப்பாக இருக்கும், அதுவும் ஏச்சு வாங்கிய வாய்க்கு. அதைச் சுவைத்துக்கொண்டு நிற்கும் நேரத்தை உங்களுக்குத் தெரியாத ஒருவர் எங்கோ தண்ணீருக்குள் நின்று கொடுக்கிறார். நீங்கள் சரி என்பது நாளைக்கும் தெரியவரும். செய்தி இப்போது போகவேண்டும்.

திரும்பி வரும்போது இருட்டவில்லை. மழை ஓய்ந்து வாவி வெளித்துக் கிடந்தது. வாகனத்தில் இருவரும் சேறு அப்பிய காலோடு இருந்தோம். பாலம் வந்தது. மிஸ் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்டைக்கு நான் அப்பிடி ஏசினது பிழை. உங்கட ஆக்கள் எண்டு சொன்னது அதவிடப் பிழை."

"நான் செய்ததுக்கு முன்னால அது ஒண்டுமில்ல மிஸ்."

"அத விடுங்க. நான் சொல்லுறதக் கேளுங்க." இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "இனி ஏச மாட்டன் எண்டு உங்களுக்குச் சத்தியம் பண்ண ஏலா. என்ட குணம் எனக்குத் தெரியும். நான் ஏசிக்கொண்டு நிண்டாலும் குறுக்க விழுந்து சொல்லுங்க. என்ட வாயப் பொத்திப்போட்டுச் சொல்லுங்க."

"சொல்லுறன் மிஸ்" என்றேன்.

அவர் இடமாற்றம் பெற்றுப் போகும்வரை மேலும் சில மாரிகள் சேர்ந்து வேலை செய்தோம். அவர் ஏசுவதை விடவில்லை. ஒருமுறை அப்படி ஏசிக்கொண்டிருக்கும்போது நான் இடையில் கையை நீட்டி, "மிஸ், மூண்டாவது அளவுமானி நிண்டுபோச்சு" என்றேன். பாதிச் சொல்லில் நிறுத்தி, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் இருந்தார். அந்த அளவுமானி திரும்ப ஓடத் தொடங்கிய பிறகுதான் மிச்சத்தை ஏசி முடித்தார்.